குட்டியைச் சேர்த்து வைக்கும் முன் பிரித்து வையுங்கள்

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஆறு வயதுப் பெண் நாய் ஒன்று, இரண்டு பூனைகள், கூண்டில் ஒரு முயல். இதற்கு நடுவில் ஒன்பது வாரத்து ஆண் நாய்க்குட்டி வந்து பத்து நாளாகிறது. பெரிய நாய் குட்டி கிட்டே வந்தாலே உறுமுகிறது. ஒரு பூனை அலமாரி உச்சியை விட்டு இறங்குவதே இல்லை, இன்னொன்று ஓடுகிறது, குட்டி துரத்துகிறது. குட்டி வீடு முழுக்கச் சிறுநீர் கழிக்கிறது, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாதிப் பேர் "விட்டுவிடுங்கள், அதுகளே பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள், மீதிப் பேர் "உறுமுகிற நாயை அதட்டி வையுங்கள்" என்கிறார்கள். எதைக் கேட்பது?

இரண்டையும் கேட்காதீர்கள். முதல் ஒரு மாதத்துக்கு இவற்றைச் சிநேகமாக்கும் வேலையை மறந்துவிடுங்கள். குட்டிக்கு மற்றவற்றைத் தொல்லை செய்யும் வாய்ப்பே கிடைக்காமல் பார்த்துக்கொள்வது, அவை கண்ணெதிரே நடமாடும்போது சும்மா இருக்கக் குட்டியைப் பழக்குவது, இந்த இரண்டும்தான் உங்கள் வேலை. சிநேகம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஒரே வீட்டில் பத்து வருடம் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகும் நாயும் பூனையும் ஏராளம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், குட்டியின் வயது அப்படி. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரைக்கும் நாய்க்குட்டியின் மூளை, இந்த உலகத்தில் எது சகஜம், எதற்குப் பயப்படவேண்டும், யாரிடம் எப்படி நடந்துகொள்ளலாம் என்று வேகவேகமாகக் குறித்துக்கொள்கிறது. நாய் நடத்தை ஆய்வாளர்கள் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் வருடக்கணக்கில் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1960களிலேயே எழுதிவைத்த விஷயம் இது. பூனைக்கு அந்தக் காலம் இன்னும் குறைவு, இரண்டாவது வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரைதான். அதாவது உங்கள் வீட்டில் இந்த நிமிடம் புதிதாக ஒன்றைச் சுலபமாகக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் குட்டிதான். வளர்ந்த பூனைகள் கற்றுக்கொள்ளாது என்றில்லை, மெதுவாக, தங்கள் இஷ்டப்படிதான் கற்றுக்கொள்ளும். அதனால் பாரம் முழுவதும் குட்டி மேல்தான் விழவேண்டும், பூனைகள் மேல் இல்லை.

இன்னொன்று, துரத்துவதற்கு யாரும் பரிசு கொடுக்கவேண்டியதில்லை. துரத்துவதே பரிசு. ஒரு நாளைக்கு ஐந்து தடவை பூனை ஓடி, ஐந்து தடவை குட்டி பின்னால் ஓடினால், அது ஐந்து பயிற்சி வகுப்புக்குச் சமம், அதுவும் நீங்கள் நடத்தும் எந்த வகுப்பையும் விடச் சுவாரசியமான வகுப்பு. இப்போது மூன்று கிலோ எடையில் அது பார்க்க வேடிக்கையாக இருக்கும், வீடியோ எடுக்கத் தோன்றும். எட்டு மாதத்தில் அதே குட்டி இருபது கிலோவாக நிற்கும்போது விளையாட்டு வினையாகிவிடும்.

அதனால் முதலில் வீட்டை மாற்றுங்கள். சின்னக் குழந்தைகள் உருண்டுவிடாமல் இருக்கப் படிக்கட்டில் போடுவார்களே, அந்த மாதிரித் தடுப்புக் கேட் ஒன்றிரண்டு வேண்டும். குட்டிக்கென்று ஒரு க்ரேட்டும் (கதவு வைத்த படுக்கைக் கூண்டு), அதைச் சுற்றி மடக்கு வேலியும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. குட்டி விழித்திருக்கும் நேரத்தில் ஒன்று உங்கள் கண்ணெதிரே லீஷோடு இருக்கவேண்டும், இல்லை கடிக்க ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு வேலிக்குள் இருக்கவேண்டும், இல்லை உங்களோடு வெளியே இருக்கவேண்டும். நான்காவதாக "எங்கேயோ வீட்டுக்குள்தான் சுத்திக்கிட்டிருக்கு" என்கிற நிலை ஒன்று உண்டே, நீங்கள் எழுதியிருக்கும் எல்லாப் பிரச்சினையும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

வீட்டுக்குள் எதற்கு லீஷ் என்று கேட்பார்கள். கைப்பிடி வளையம் இல்லாத, மேஜைக் காலில் மாட்டிக்கொள்ளாத இரண்டு மீட்டர் மெல்லிய கயிறு போதும். குட்டி பூனையைப் பார்த்துக் கிளம்பும்போது நீங்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடவேண்டியதில்லை, அப்படி ஓடினால் "ஆஹா, எல்லாரும் சேர்ந்து துரத்துகிறோம்" என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். கயிற்றின் நுனியில் பேசாமல் காலை வைத்தால் விஷயம் முடிந்தது. கழுத்துப் பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் மாட்டுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

பூனைகளுக்கு இரண்டு விஷயம் தேவை. தரையில் காலை வைக்காமலே அறையைக் கடக்கும் உயரமான வழி ஒன்று, குட்டி நுழையவே முடியாத அறை ஒன்று. கேட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி மாட்டினால் பூனை அடியில் நுழைந்துவிடும் என்று யோசிப்பீர்கள், ஆனால் ஒன்பது வாரக் குட்டியும் நுழைந்துவிடும். ஆகவே இப்போதைக்குப் பூனை மேலே தாவி ஏறிக் கடப்பதுபோல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைப்பதே வசதி.

லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி, இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாரும் இதை அசிங்கமான விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள். குட்டி பூனை மலத்தைத் தின்னும், கண்டிப்பாகத் தின்னும், பூனைச் சாப்பாட்டில் புரதமும் கொழுப்பும் கூடுதல், அந்த வாசனை மிச்சத்திலும் இருக்கும். அதனால் குடற்புழு தொற்றலாம், கட்டியாகும் வகை மணலை நிறைய விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அதைவிட முக்கியமானது பூனையின் பக்கம். பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது நாலைந்து தடவை குட்டி வந்து முட்டினால் பூனை அந்தப் பெட்டியைக் கைவிட்டுவிடும், இல்லையென்றால் அடக்கிவைக்க ஆரம்பிக்கும். ஆண் பூனைகளுக்கு மன அழுத்தத்தோடு சிறுநீர்ப்பாதை அடைப்பும் சேர்ந்து வருவதுண்டு. அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து வந்தால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய அவசரம் அது. அலமாரி உச்சியில் இருக்கும் உங்கள் பூனை சாப்பிடுகிறதா, பெட்டிக்குப் போகிறதா என்பதை இன்றே கவனியுங்கள். பூனை ஒரு நாளுக்கு மேல் முழுப் பட்டினி கிடந்தாலே மருத்துவரைக் கேட்கவேண்டும், சில நாள் தொடர்ந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும், பருமனான பூனைக்கு இன்னும் சீக்கிரம். தண்ணீர், சாப்பாடு, லிட்டர் பாக்ஸ் மூன்றையும் இன்று ராத்திரியே குட்டி எட்டாத அறைக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது உறுமலுக்கு வருவோம். உங்கள் பெரிய நாய் உறுமுவது நல்ல செய்தி. கேலி செய்யவில்லை, நிஜமாகவே. உறுமல் என்பது கடிக்காமல் இருக்க நாய் எடுக்கும் முயற்சி. "போதும், நகரு" என்று வாய்விட்டுச் சொல்கிறது. அதற்காக அதட்டினால் அடுத்த முறை உறுமாது, ஆனால் பிடிக்காமை அப்படியே இருக்கும், நேராகப் பல் இறங்கும். "எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடித்துவிட்டது" என்று வருகிற வீடுகளில் விசாரித்தால், எச்சரித்தபோதெல்லாம் திட்டு வாங்கிய நாயாக இருப்பது அடிக்கடி நடக்கிற கதை.

உறுமலுக்கு முன்னாலேயே அது நிறையச் சொல்லியிருக்கும். படுத்திருக்கும் நாயைக் குட்டி நெருங்குகிறது. முதலில் பெரிய நாய் தலையை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். குட்டி இன்னும் வரும். சாப்பாடு எதுவும் இல்லாமலே நாக்கு ஒருமுறை மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போகும், தூக்கம் வராத நேரத்தில் ஒரு கொட்டாவி வரும். குட்டி காதைப் பிடித்து இழுக்கும். அப்போது உடம்பு ஒரு கணம் கல் மாதிரி விறைக்கும், தலை அசையாது, கண் மட்டும் ஓரமாகத் திரும்பி வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். அதற்குப் பிறகுதான் உறுமல். நீங்கள் உள்ளே புகவேண்டிய இடம் கொட்டாவியும் நாக்கும்தான். அந்த நேரத்தில் குட்டியை மெதுவாகக் கூப்பிட்டோ கயிற்றோடு நகர்த்தியோ எடுத்துவிட்டால் பெரிய நாய்க்கு ஒன்று புரியும்: இந்த வீட்டில் நான் சண்டை போடவேண்டியதில்லை, வீட்டு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த நம்பிக்கை வந்துவிட்டால் உறுமல் தானாகக் குறையும். எட்டு ஒன்பது வாரக் குட்டிகளுக்கு இந்த நுட்பமான சைகைகள் பாதி புரியாது, புரிந்தாலும் மதிக்காது. அதற்காகத்தான் நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள்.

பெரிய நாய் குட்டிக்கு எப்போதுமே பாடம் சொல்லக்கூடாது என்று இல்லை. ஒரு சின்ன உறுமல், காற்றில் ஒரு வெற்றுக் கடி, குட்டி கீச்சென்று விலகி, ஒரு நொடியில் பெரிய நாய் பழையபடி தளர்ந்து படுத்துவிட்டால் அது ஆரோக்கியமான கண்டிப்பு, தலையிடாதீர்கள். குட்டி விலகிய பிறகும் பின்தொடர்ந்து போய் அமுக்குகிறது, பல் பட்டுக் காயமாகிறது, அல்லது குட்டி அறைக்குள் நுழைந்த உடனேயே வெறித்துப் பார்த்து உடம்பு விறைக்கிறது என்றால் அது கண்டிப்பு இல்லை, அங்கே உடனே பிரித்துவிட்டு ஆலோசனை கேளுங்கள். விளையாடும்போது சந்தேகம் வந்தால் சுலபமான சோதனை ஒன்று உண்டு. மேலே ஏறி அமுக்கிக்கொண்டிருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் கிடந்தது எழுந்து உடம்பை உதறிவிட்டு, முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி "வா" என்று திரும்பவும் அழைத்தால் விளையாட்டுதான். சந்தர்ப்பம் கிடைத்ததே என்று சோபாவுக்கு அடியில் போய்விட்டால் அதற்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

"பெரிய நாய்தான் தலைவன், அதுதான் தன் இடத்தைக் காட்டுகிறது, நீங்கள் ஆல்பாவாக இருந்து குட்டியை மல்லாக்கப் புரட்டி அமுக்குங்கள்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன் என்கிற இந்த ஆல்பா கதை, ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் 1947இல் அடைப்பில் வளர்ந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாததை நாய்க்குட்டி தலையில் கட்டவேண்டாம். புரட்டி அமுக்கினால் குட்டி ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும், உங்கள் கையைக் கண்டால் பயப்பட.

பெரிய நாயும் குட்டியும் ஏற்கெனவே சந்தித்தாகிவிட்டது, ஆனாலும் அறிமுகத்தைத் திரும்பச் செய்யலாம், நஷ்டமில்லை. வீட்டுக்கு வெளியே, இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு இடம், இரண்டு ஆள், இரண்டு லீஷ். எதிரெதிரே மூக்கோடு மூக்கு நிறுத்தாமல் ஒரே திசையில் கொஞ்சம் தள்ளித் தள்ளி நடங்கள். ஊசி முடியாத குட்டியாக இருப்பதால் மற்ற நாய்கள் புழங்காத இடமாகப் பார்த்து, தேவையானால் கையில் தூக்கிக்கொண்டும் நடக்கலாம். லீஷ் தொய்வாக இருக்கட்டும், இழுத்துப் பிடித்தால் அந்த விறைப்பு நாய்க்கும் போய்ச் சேரும். ஐந்து நிமிடம் போதும், மோந்து பார்த்துவிட்டு விலகினால் அதோடு முடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் பெரிய நாயின் பழைய வாழ்க்கையில் எதையும் குறைக்காதீர்கள். அதன் நடை, அது படுக்கும் மூலை, உங்களோடு தனியாக இருந்த அந்த அரை மணி நேரம், எல்லாம் அப்படியே இருக்கவேண்டும். சாப்பாட்டுத் தட்டு இரண்டையும் கதவுக்கு இரண்டு பக்கமும் வையுங்கள், தின்று முடித்ததும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். கடிக்கும் எலும்பு, பிடித்த பொம்மை, இவை பிரிந்திருக்கும்போது மட்டும். நாய்களுக்குள் நிஜமான சண்டை வருவது பெரும்பாலும் சாப்பாடு, படுக்கை, குறுகலான வாசல், வீட்டு ஆளின் மடி, இந்த நாலில் ஒன்றுக்காகத்தான். அப்புறம், ஆறு வயது என்கிறீர்கள், திடீரென்று பொறுமை குறைந்த மாதிரி இருந்தால் ஒருமுறை மூட்டு, பல், காது மூன்றையும் காட்டிவிடுங்கள். வலி உள்ள நாய் மேல் குட்டி குதித்தால் எந்த நாய்தான் உறுமாது.

பூனைப் பயிற்சிக்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். முதல் சில நாள் வாசனை மட்டும் பரிமாறுங்கள், குட்டி படுத்த துணியைப் பூனை அறையிலும் பூனைத் துணியைக் குட்டி வேலிக்குள்ளும் போட்டு வையுங்கள். பிறகு குட்டி நன்றாக விளையாடிக் களைத்த ஒரு நேரம் பார்த்து, லீஷோடு பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பூனை கேட்டுக்கு அந்தப் பக்கம் மேசை மேல். குட்டி பூனையைப் பார்க்கும், காது முன்னுக்கு வரும், வால் நிமிரும். அந்தப் பார்வை விழுந்த அதே நொடியில் "எஸ்" என்று சொல்லி அதன் மூக்கருகே ஒரு ட்ரீட், அதாவது பிடித்த தின்பண்டத்தில் ஒரு துண்டு. திரும்பி வாங்கித் தின்னும், மறுபடி பூனையைப் பார்க்கும், மறுபடி "எஸ்", மறுபடி ட்ரீட். ஏழெட்டு தடவைக்குப் பிறகு பார்க்கவேண்டிய காட்சி ஒன்று நடக்கும்: குட்டி பூனையைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஒன்றும் சொல்லாமலே, "எங்கே என் பங்கு?" என்று உங்கள் முகத்துக்குத் திரும்பும். பயிற்சி முழுக்க அந்த ஒரு திருப்பத்துக்காகத்தான். அது வந்த அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள், நன்றாகப் போகிறதே என்று கேட்டைத் திறந்துவிடாதீர்கள். குட்டி ட்ரீட்டையே கவனிக்காமல் பூனையை வெறிக்கிறது, முனகுகிறது, இழுக்கிறது என்றால் தூரம் போதவில்லை, இன்னும் பின்னால் போங்கள்.

பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து குட்டி மூக்கருகே காட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். தப்பிக்க வழியில்லாத பூனை நகத்தை உங்கள் கையிலும் குட்டியின் கண்ணிலும் பதித்துவிடும், குட்டிகளின் விழியில் பூனைக் கீறல் சாதாரணக் காயமில்லை. பூனை தானாக இறங்கி வருவதற்குக் காலக்கெடு வைக்காதீர்கள். வால் நிமிர்ந்து, நுனி லேசாக வளைந்து நடந்தால் தைரியமாக இருக்கிறது. காது பின்னுக்குப் படிந்து, வால் வேகமாக அடித்தால் அன்றைக்கு அத்தோடு சரி. வந்து நின்று குட்டி மூக்கில் நகம் நீட்டாமல் ஒரு அறை விட்டுப் போனால், வாயை மூடிக்கொண்டு இருங்கள், நீங்கள் ஒரு மாதம் சொன்னாலும் புரியாதது அதற்கு அதில் புரிந்திருக்கும். ஓடாமல் நிற்கும் பூனைதான் நாய்க்குட்டிக்கு நல்ல வாத்தியார்.

முயல் பற்றிச் சுருக்கமாக. நாய், பூனை இரண்டும் முயலை வேட்டையாடும் மிருகங்கள், இது எத்தனை வருடம் போனாலும் மாறாது. கூண்டு குட்டி எட்டாத அறையில், கதவு மூடியிருக்கவேண்டும். கூண்டைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தாலே போதும், பயத்தில் முயல் தின்பதை நிறுத்திவிடும், முயலுக்குக் குடல் இயக்கம் நின்றால் அது நேராக உயிருக்கு வந்துவிடும். அரை நாள் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் டாக்டரிடம் போகவேண்டும். "பாருங்க, நாயும் முயலும் சேர்ந்து தூங்குது" என்று வரும் படங்களைப் பார்த்து ஆசைப்படவேண்டாம்.

மருந்து விஷயத்தில் பல பிராணி வீடுகளுக்கென்றே சில பொறிகள் உண்டு. நாய்களுக்குத் தெள்ளுப்பூச்சி, உண்ணிக்காகக் கழுத்தில் சொட்டுவிடும் மருந்துகளில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது கடும் விஷம், நடுக்கமும் வலிப்பும் வரும். பூனைக்குப் போடாவிட்டாலும் மருந்து காயாத நாயோடு பூனை உரசிப் படுத்தாலே ஆபத்து. ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. ஆகவே எந்த மருந்து வாங்கினாலும் "வீட்டில் பூனையும் முயலும் இருக்கு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குடற்புழு மருந்து குட்டிக்கு மட்டும் கொடுத்தால் போதாது, வீட்டில் உள்ள மற்ற நாய் பூனைகளுக்கும் அட்டவணை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை தொடரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எப்போது தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் இத்தனை தடவை. ஒன்றோடு நிறுத்தாதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். அது 1970களின் இறுதியில் உலகம் முழுக்கப் பரவிய நோய், பூனைகளின் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு நெருங்கிய சொந்தம், அதன் இப்போதைய வகைகள் பூனையையும் தொற்றக்கூடியவை. பூனைகளின் ஊசி விட்டுப்போயிருந்தால் இதுதான் நேரம். அதற்காக ஊசி முடியும்வரை குட்டியை அறைக்குள்ளேயே பூட்டி வைக்கவும் வேண்டாம். முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆகி, குடற்புழு மருந்தும் கொடுத்துவிட்டால் ஏழெட்டு வாரத்திலேயே குட்டிகளுக்கான வகுப்பில் சேர்க்கலாம் என்பதுதான் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கத்தின் நிலைப்பாடு. வகுப்பு நடக்கும் இடம் சுத்தமாக இருக்கவேண்டும், மற்றக் குட்டிகளுக்கும் ஊசி போட்டிருக்கவேண்டும்.

சிறுநீர்ப் பிரச்சினைக்கு வீட்டில் எத்தனை பிராணி இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான், கடிகாரம். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாட்டு முடிந்ததும், வட்டமிட்டு மோந்து பார்க்க ஆரம்பித்ததும், மற்ற நேரத்தில் ஒரு மணிக்கு ஒருமுறை வெளியே. இரண்டு மாதக் குட்டி பகலில் அதிகபட்சம் இரண்டு மூன்று மணி நேரம் அடக்கும், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தால். போன இடத்திலேயே நின்று பாராட்டி ட்ரீட் கொடுங்கள், வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று நினைக்கும். "பெரிய நாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்" என்று நம்பிக் கூடவே அனுப்பாதீர்கள். இருவரும் சேர்ந்து போனால் குட்டி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு விளையாடிவிட்டு, உள்ளே வந்து தரையில் நிம்மதியாகப் போகும். தனியாகக் கூட்டிப்போங்கள். உள்ளே போன இடத்தை சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்ஸைம் கிளீனரால் துடையுங்கள், அம்மோனியா கலந்தது வேண்டாம், அதன் வாடையே "இங்கே போகலாம்" என்று அழைக்கும். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் கற்றுக்கொடுக்கும்.

இந்தத் தனியாக என்பதுதான் பயிற்சி முழுவதற்கும் பொருந்தும், பல பிராணி வீடுகளில் பெரும்பாலும் கோட்டை விடுவதும் இங்கேதான். நாள் முழுக்கப் பெரிய நாயின் பின்னாலேயே திரியும் குட்டிக்கு நீங்கள் சுவாரசியமில்லாத ஆள். அதற்கு விளையாட, கற்றுக்கொள்ள, பயந்தால் ஒண்ட எல்லாவற்றுக்கும் நாய் இருக்கிறது, உங்கள் குரல் எதற்கு? கூப்பிட்டால் வராதது இதனால்தான். பெரிய நாய் வேறு அறையில் இருக்கும்போது தினம் நாலைந்து தடவை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல், பேரைச் சொன்னதும் திரும்பினால் ட்ரீட், கூப்பிட்டு வந்தால் ட்ரீட், உங்கள் கையில் உள்ளதை விட்டு விலகினால் ட்ரீட், பாயில் படுத்தால் ட்ரீட் என்று செய்யுங்கள். கூப்பிட்டு வந்த குட்டியைக் குளிப்பாட்டவோ திட்டவோ செய்யாதீர்கள், அதற்கு நீங்களே போய்த் தூக்குங்கள். இருவரும் தனித்தனியாக ஒழுங்காகச் செய்த பிறகு சேர்த்து வைத்துச் செய்யலாம், அப்போது ஒருவர் பாயில் காத்திருக்க மற்றவர் முறை என்று வைத்தால் காத்திருப்பதும் ஒரு பாடமாகிவிடும். பாயில் படுக்கும் பழக்கத்தை மட்டும் எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். பூனை தரையில் நடக்கும்போது, முயல் அறைக் கதவு திறக்கும்போது, பெரிய நாய் சாப்பிடும்போது "பாய்" என்று ஒரு சொல் வேலை செய்தால் பாதி நாள் நிம்மதி.

தினமும் கொஞ்ச நேரம் குட்டி எந்தப் பிராணியும் இல்லாமல், நீங்களும் இல்லாமல் தனியாக இருக்கவும் பழகவேண்டும். க்ரேட்டில் தூக்கத்தோடு ஆரம்பியுங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம், அதற்கு மேலும் தூங்கும் என்பதை நிறையப் பேர் நம்புவதில்லை. சாயங்காலம் கண்மண் தெரியாமல் ஓடி, எல்லாரையும் கடித்து, பூனை மேல் பாயும் குட்டிக்கு இன்னும் விளையாட்டு வேண்டும் என்று நினைத்துப் பந்து வீசுகிறார்கள். அதற்குத் தேவை தூக்கம். இருட்டான மூலையில் வேலிக்குள் விட்டால் ஐந்து நிமிடத்தில் சாய்ந்துவிடும். கை கால்களைக் கடிப்பதும் பாதி இதனால்தான், மீதி பல் விழுந்து முளைப்பதால். 28 பால் பற்கள் நாலாவது மாதம் வாக்கில் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்தில் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை கடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பூனையின் நூல் வைத்த பொம்மையையும் சின்னப் பந்தையும் மட்டும் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள், நூலை விழுங்கினால் அறுவை சிகிச்சையில் போய் முடியும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய நாய் சில வாரத்திலேயே குட்டியைச் சகித்துக்கொள்ளப் பழகிவிடும், பூனைகளுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். நடுவில் ஆறேழு மாதத்தில் குட்டி விடலைப் பருவத்துக்கு வரும்போது கற்றதையெல்லாம் மறந்த மாதிரி நடக்கும், அப்போது மறுபடி லீஷ், மறுபடி கேட். அந்த வயதில்தான் பெரிய நாய் குட்டிக்குக் கொடுத்து வந்த சலுகையையும் நிறுத்திக்கொள்ளும், உறுமல் திரும்பவும் கேட்கலாம், பயப்படாதீர்கள்.

நீங்கள் வேலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் சேர்த்து விட்டுப் போகலாமா என்றால், இப்போதைக்குக் கூடாது. குட்டி வேலிக்குள், பூனைகள் அவற்றின் அறையில், பெரிய நாய் வழக்கமான இடத்தில். ஒன்பது வாரக் குட்டியைச் சேர்ந்தாற்போல் எட்டு மணி நேரம் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, நடுவில் யாராவது வந்து வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். பெரிய நாயோடு சேர்த்து விடுவதை, குட்டிக்கு ஒரு வயது நெருங்கி, நீங்கள் வீட்டில் இருக்கும்போது பல வாரம் ஒரு உரசலும் இல்லாமல் போன பிறகு, பத்து நிமிடத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். பூனைகளோடு அதற்கும் பிறகு, உயரமான வழிகள் எல்லாம் திறந்திருக்க. முயல் அறைக் கதவு அப்போதும் மூடியே இருக்கட்டும்.